வாசலுக்கு நேரே ஒரு சிவப்புத் தடுப்பு

போன வாரம் ஒரு போன். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி. புது வீடு கட்டி முடித்துவிட்டார்களாம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது.

"அம்மா, உங்க பக்கத்த வாரா வாரம் படிக்கிறேன். வாசலுக்கு ஃபெங்சூயி டிப்ஸ் கொஞ்சம் எழுதுங்களேன். சிரிக்கிற புத்தர எந்தப் பக்கம் பாத்து வெக்கிறது, விண்ட் சைம் எங்க மாட்டுறது... எங்க வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

விஷயம் தெரியாமல் இல்லை. என் அண்ணன் மருமகள் பவித்ராவின் தயவில், எட்டாவதோடு நின்றுபோன எனக்கே ஃபெங்சூயியில், அந்தச் சீனத்து வாஸ்துவில், பாதி அத்துப்படி. வாசலில் செருப்பைக் குவிக்கக் கூடாது. கதவு திறக்கும்போது கிறீச்சென்று சத்தம் வரக் கூடாது. கதவுக்குப் பின்னால் துடைப்பம், கிழிந்த குடை என்று எதையும் அடைத்து வைக்கக் கூடாது — கதவு முழுசாகத் திறக்க வேண்டும். வாசல் பல்பு ஃபியூஸ் போனால் உடனே மாற்ற வேண்டும். உள்ளே நுழைந்ததும் எதிரே கண்ணாடி இருந்தால், வந்த அதிர்ஷ்டம் அதில் மோதி வந்த வழியே திரும்பிவிடும். புத்தர் வாசலைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அவரைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது.

நல்லதுதானே? செருப்பை ஒழுங்காக விடுவதை யார் வேண்டாம் என்றார்கள்?

நான் கிண்டல் செய்யவில்லை. ஓரிக்கையில் என் வீட்டு நிலைவாசலில் கறுப்புக் கயிற்றில் படிகாரம் தொங்குகிறது. பக்கத்தில் கற்றாழை, அதற்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். அமாவாசை தவறாமல் பூசணி சுற்றி உடைக்கிறேன். வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசாமல் காபி குடித்ததில்லை. "காத்து வர எடம் வுடு வசந்தா. இத்தினி கட்டித் தொங்கவுட்டா கொசுகூட வழி கேட்டுக்கினுதான் உள்ள வரணும்" என்பார் எங்கள் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட நான் இன்னொருத்தி நம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கை வராததற்குக் காரணம் வேறு.

ஃபெங்சூயியில் இன்னொரு டிப்ஸ் உண்டு. தெருவாசலும் கொல்லைவாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாதாம். இருந்தால், முன்னால் வருகிற நல்லதெல்லாம் வீட்டில் தங்காமல் பின்னால் ஓடிவிடும். நடுவில் ஒரு தடுப்பு வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் நெசவுக்காரர் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? வீடே ஒரு நேர்கோடுதான். ரயில் பெட்டி மாதிரி. தெருக்கதவு, தறிக்கூடம், நடுஹால், சமையல்கட்டு, கொல்லை — தெருவில் நின்று எட்டிப் பார்த்தால் கொல்லையில் காயும் துணி தெரியும். அண்ணன் வீடும் அப்படித்தான். வடக்குப் பார்த்த வீடு. ஒரு சுவர் ஓரமாகத் தறி, மறு ஓரமாக நடக்கிற வழி.

அந்த நேர்கோட்டின் நடுவில், நடுஹாலில், கட்டில் போட்டு அண்ணி படுத்திருந்தார்.

பெருந்தேவி அண்ணி. நான் பத்திரிகையில் எழுத ஆரம்பித்த காலத்திலேயே எனக்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டவர். "யாரப் பத்தி வேணா எழுதிக்கோ வசந்தா. என்னப் பத்தி மட்டும் எழுதாத. ஊர்க் கண்ணு பட்ரும்."

இத்தனை வருஷம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். இனி யார் கண் பட்டு என்ன ஆகப்போகிறது?

அண்ணிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு — 'ஆங்' என்ற ஒரு சத்தம், இடது கை. அந்த இரண்டை வைத்துக்கொண்டே குடித்தனத்தை நடத்தினார் என்றால் நம்புவீர்களா?

தெருக்கதவு காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும். தலையணையில் சாய்ந்தபடி அண்ணி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீரைக்காரம்மா கூடையை இறக்காமல் தெருவிலிருந்தே கத்துவார். "இன்னா பெருந்தேவிம்மா, முருங்கையா, அரைக்கீரையா?" அண்ணி கையைத் தூக்கினால் முருங்கை. பக்கவாட்டில் ஆட்டினால் அரைக்கீரை. இரண்டும் வாடியிருந்தால், போ என்று ஒரு விரட்டு.

"யம்மா! பட்த்துக்கினே இந்த அதிகாரமா! எழுந்து நடந்தா என்ன ஓட ஓட வெரட்டுவ போல" என்று சிரித்துக்கொண்டே கீரைக்காரம்மா போவார். அண்ணிக்கும் முகத்தின் ஒரு பாதி சிரிக்கும்.

அந்தக் கதவின் அகலம்தான் அண்ணியின் உலகம். அதிலே ஸ்கூல் வேன் வந்தது, பால்காரர் வந்தார், கல்யாணம் போனது, சாவு போனது.

வருஷத்துக்கு ஒரு முறை பெருமாளும் வந்தார்.

அண்ணன் இருக்கும் தெருவுக்கு அவர் வருவது ஒரே ஒரு காலை — வைகாசி கருட சேவை அன்று. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணி அந்தக் காலையைத் தவறவிட்டதில்லை. தெருவை அடைத்துக் கோலம் போட்டு, தலைக்குக் குளித்த ஈரம் சொட்ட, கற்பூரத் தட்டோடு நிற்பார்.

படுத்த பிறகு?

போன வருஷம் அண்ணன் ஒரு வேலை செய்தார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். அண்ணியை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, தானே ஏறிப் படுத்துப் பார்த்தார். "இன்னொரு கல்லு வெய்டா லோகு" என்று மகனிடம் சொல்லிவிட்டு மறுபடி படுத்தார். அண்ணி நாற்காலியில் சாய்ந்தபடி, என்ன கூத்து இது என்பது போல 'ஆங்' என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுவாமி வரும் தெருவில் எழுந்திருக்க முடியாதவர் ஒரு வீட்டில் இருந்தால், அந்த வாசலுக்கு நேரே யாரும் நிற்க மாட்டார்கள். எத்தனை நெரிசல் ஆனாலும் அந்தக் கதவின் அகலத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். வெளியூர்க்காரர் தெரியாமல் வந்து நின்றால், "தள்ளி நில்லுப்பா... உள்ள ஒருத்தங்க பாக்கணும்" என்று யாராவது நகர்த்திவிடுவார்கள்.

அதிலும் அண்ணிக்கு ஒரு கொடுப்பினை. அண்ணன் வீட்டுக்கு நேரேதான் கேபிள் ஒயர் ஒன்று தெருவின் குறுக்கே தாழ்வாகத் தொங்குகிறது. பெரிய குடைகளைச் சாய்த்துத்தான் அதைத் தாண்ட முடியும். அதுவரை பெருமாள் நின்றாக வேண்டும். "கேபிள்காரன் புண்ணியத்துல உனக்கு மட்டும் ஸ்பெஷல் தரிசனம்" என்றார் அண்ணன்.

கட்டிலிலிருந்து பார்த்தால் பெருமாளின் முகம் தெரியாது. நிலைவாசலின் மேல்கட்டை மறைக்கும். தெரிவது கருடனின் உள்ளங்கைகள். அந்தக் கைகள் ஏந்தியிருக்கும் திருவடிகள்.

அண்ணி பார்த்தார். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் பார்த்தார். அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையைக் குழித்துக் குழித்துக் காட்டினார் — கருடன் ஏந்துகிற மாதிரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நேரம் சரியில்லை.

ஒரகடத்தில் லோகு வேலை பார்த்த கம்பெனி, கான்ட்ராக்ட் ஆட்களை வேண்டாம் என்றது. அது போகட்டும், வேறு வேலை பார்க்கலாம். பவித்ராவுக்கு மூன்றாம் மாசத்தில் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெண் உள்ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான்... சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள்.

"ஏன் இப்படி ஆச்சு டாக்டர்?" என்று கேட்டிருக்கிறாள். "சில பேருக்கு இப்படி ஆகும்மா. உன் மேல தப்பு இல்ல" என்றாராம் டாக்டர்.

உண்மையான பதில்தான். ஆனால், குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு அது போதுமா? போனில் வந்த வீடியோக்காரர் காரணம் சொன்னார். படம் வரைந்து, அம்புக்குறி போட்டுச் சொன்னார்.

மாஸ்டர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பவித்ரா அவரிடம் வீடியோ காலில் பேசினாள். தெருக்கதவிலிருந்து கொல்லை வரை போனைப் பிடித்தபடி நடந்து காட்டினாள். நான் அன்று அங்கேதான் இருந்தேன்.

"ஸ்ட்ரெய்ட் லைன்மா" என்றார் அவர். "இந்த வீட்ல எதுவுமே தங்காது. கரு மட்டும் எப்படித் தங்கும்?"

பவித்ராவின் கை தாழ்ந்தது. போன் கட்டிலைக் காட்டியது.

"அது யாரு? வாசலுக்கு நேரா காலை நீட்டிப் படுத்திருக்கறது? இருக்கற சக்தியெல்லாம் அவங்க மேல பாஞ்சு பின்னாடி போவுது பாருங்க. அவங்க எப்படி எழுந்து நடப்பாங்க?"

ஆக, ஒரே தடுப்பு. மாமியாரும் நடப்பார், மருமகளுக்கும் தங்கும்.

அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்தார். "உங்க அத்தைக்கு அந்த வாசல் ஒண்ணுதான்மா மிச்சம் இருக்குது. அதையும் அடைக்கச் சொல்றியா?"

"அத்தைக்கும் சேத்துதான் மாமா கேக்குறேன். அவங்க எழுந்து நடந்துட்டா வாசல்லயே நின்னு பாக்கலாமே. எத்தினி நாளைக்குப் பட்த்துக்கினே பாப்பாங்க?"

அண்ணன் தறிக்கே திரும்பிவிட்டார். உங்களால் அவளிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அண்ணியைக் குளிப்பாட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், முதுகில் புண் வராமல் பவுடர் போடுவதும் அந்தப் பெண்தான். பெற்ற மகள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். அவள் கெட்டதா நினைப்பாள்?

சித்திரையில் நல்ல நாள் பார்த்துத் தடுப்பு வந்தது. கனமான பிளைவுட். ஆள் உயரத்துக்கும் மேல். ரத்தச் சிவப்பில் பெயின்ட். நடுவில் இரண்டு தங்க நிற மீன்கள். தெருக்கதவுக்குச் சற்று உள்ளே, தரையில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஒரு பக்கம் தறி. மறுபக்கம் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இடுக்கு. தடுப்புக்கு முன்னால் விண்ட் சைம்.

"ஒரு மண்டலம் அசைக்கக் கூடாது. நடுவுல எடுத்தா மொத்தமாத் திருப்பி அடிச்சுடும்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

சீனத்துச் சாமானுக்கு நம் ஊர் மண்டலக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மண்டலம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கை கூப்பத்தானே தெரியும்? மாலை போட்டால் மண்டலம், மருந்து சாப்பிட்டால் மண்டலம். நடுவில் நிறுத்துவது தெய்வக் குற்றம். பிளைவுட்டுக்கும் அதே பயம் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை கீரைக்காரம்மா தெருவில் நின்று கத்தினார். பதில் இல்லை. அண்ணி கையைத் தூக்கியிருப்பார். யாருக்குத் தெரிந்தது? கீரைக்காரம்மா இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, "இன்னாம்மா, திரை போட்டு கோஷாவா உக்கார வெச்சிட்டாங்களா உன்ன?" என்றார். அண்ணி சிரிக்கவில்லையாம்.

விண்ட் சைம் கிணுகிணுக்கும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று அண்ணி தலையைத் திருப்புவார். இரண்டு மீன்கள் தெரியும். கொஞ்ச நாளில் திருப்புவதை நிறுத்திவிட்டார். கஞ்சியைப் பாதியில் தள்ளினார். 'ஆங்' குறைந்தது.

"அத்தை இப்பல்லாம் அமைதியா இருக்காங்க, ஓரிக்கை அத்தே" என்று பவித்ரா போனில் என்னிடம் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். "முதல்ல அமைதி வரும்னு மாஸ்டர் சொன்னார். வந்துடுச்சு."

சில நாள் கழித்து இன்னொரு போன். குரலே குதித்தது. "நாள் தள்ளிப் போயிருக்குது அத்தே! டெஸ்ட் பண்ணிட்டேன்!"

என்ன சொல்வேன்? பெருமாளுக்கும் நன்றி, அந்த மீன்களுக்கும் நன்றி என்றுதான் எனக்கும் தோன்றியது.

வைகாசி வந்தது. கோயிலில் கொடி ஏறியது. தெருவில் பந்தல்காரர்கள் கழி ஊன்ற ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் அண்ணிக்குப் பழைய உயிர் வந்தது. 'ஆங்' என்றார். கையைக் குழித்துக் காட்டினார். தடுப்பைக் காட்டினார். மறுபடி கையைக் குழித்தார்.

இதற்கு அகராதி வேண்டுமா? வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணன் ஸ்பானரை எடுத்து வந்தார். பவித்ரா குறுக்கே நிற்கவில்லை. தறி ஓரமாக நின்று, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது.

அண்ணன் அவளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். லோகு மாஸ்டருக்கு போன் போட்டான். "அரை மணி நேரம் எடுத்துட்டு மாட்டிடறோம் சார்..." அந்தப் பக்கம் ஒரே பதில். மண்டலம் முடியலையே, உங்க இஷ்டம், அப்புறம் என்னைக் கேட்காதீங்க.

அண்ணன் கடைசியில் அண்ணியிடமே போனார். குனிந்து, காதருகே கேட்டார். "எடுக்கட்டுமா பெருந்தேவி? நீ சொல்லு. நீ சொன்னா எடுத்துடறேன்."

அண்ணி மருமகளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு இடது கையை ஒரு தரம் வீசினார். வாடிய கீரையை விரட்டுவாரே, அந்த வீச்சு.

அதற்கு என்ன அர்த்தம்? எடுக்க வேண்டாம் என்றா? அந்தச் சனியனைத் தூக்கி எறி என்றா? அண்ணன் முதலாவதாக எடுத்துக்கொண்டார். எங்கள் எல்லோருக்குமே அதுதான் வசதியாக இருந்தது. ஸ்பானர் தறிக்கட்டையின் மேல் போய் உட்கார்ந்தது.

"சேர்ல உக்கார வெச்சி நானும் குமாரும் தூக்கிட்டு வாசலுக்கே போயிடறோம்பா. முகமே பாக்கலாம் அம்மா" என்றான் லோகு. குமார் எதிர்வீட்டுப் பையன், நல்ல பலசாலி. எல்லோருக்கும் நிம்மதி. திருவடி மட்டும் பார்த்தவர் இந்த வருஷம் திருமுகம் பார்ப்பார். எனக்குக்கூட, இதெல்லாம் நல்லதுக்குத்தான் என்று பட்டது.

கருட சேவை அன்று விடியும் முன்பே ஓரிக்கையிலிருந்து போய்விட்டேன். அண்ணிக்குப் பச்சைப் பட்டுப் புடவை சுற்றி, மல்லிகை வைத்து, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டிருந்தாள் பவித்ரா. அண்ணியின் கண் பளபளவென்று இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கியபோது தெருமுனையில் மேளச் சத்தம். பவித்ரா கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கூட்டம் வழக்கம்போல் எங்கள் வாசலுக்கு நேரே ஒதுங்கி இடம் விட்டது. எத்தனை ஒழுங்கு! உள்ளே ஒருத்தி பார்க்க வேண்டும் என்று தெருவுக்குத் தெரிந்திருந்தது.

"தூக்குடா" என்றான் லோகு.

கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு பக்கம் லோகு, ஒரு பக்கம் குமார். நான் அண்ணியின் தலையைத் தாங்கிக்கொண்டேன். தறி ஓரமாக நடந்தோம். தடுப்பை நெருங்கினோம்.

இடுக்கில் நாற்காலி நுழையவில்லை.

ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற வழி. அதில் தினமும் நாங்கள் போய் வந்தோம். ஒரு குறையும் தெரியவில்லை. நாற்காலியோடு ஒருத்தியை இரண்டு பேர் தூக்கிப் போக வேண்டும் என்று வந்தபோதுதான் அதன் அகலம் தெரிந்தது.

"சாய்டா, சாய்!"

"சாய்ச்சா அம்மா வழுக்கிடுவாங்கண்ணா!"

"எறக்கு... எறக்கிட்டுக் கையில தூக்கு!"

"ஸ்பானர் எங்க? தறி மேல வெச்சேனே..." அண்ணன் தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்கு நடுவில் துழாவிக்கொண்டிருந்தார். கை பட்டதில் ஸ்பானர், கால் தொங்கப்போடும் தறிக்குழிக்குள் விழுந்து 'டங்' என்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரம் பிளந்துகொண்டு வந்தது. 'கோவிந்தா, கோவிந்தா' என்று தெருவே எழுந்தது. பிறகு ஒரு நிமிஷம் சத்தம் அடங்கியது. எனக்குத் தெரியும், அது எதனால் என்று. கேபிள் ஒயர். குடையைச் சாய்க்கிறார்கள். பெருமாள் எங்கள் வாசலுக்கு நேரே நின்றுவிட்டார்.

நின்று, எங்களுக்காகக் காத்திருக்கிற மாதிரி நின்றார்.

நாங்கள் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம்.

"அத்தை வர்றாங்க சாமி! கொஞ்சம் நில்லுங்க! எங்க அத்தை வர்றாங்க!" வாசலில் பவித்ரா கத்துவது கேட்டது. வாகனம் தூக்குகிறவர்களுக்கு அது கேட்டிருக்குமா? குடை நிமிர்ந்தது. மேளம் மறுபடி எடுத்தது.

லோகு தாயைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் வாரி எடுத்து, ஒருக்களித்து, தடுப்பில் முதுகு உரச வெளியே வந்தான். விண்ட் சைம் அண்ணியின் நெற்றியில் இடித்துக் கிணுகிணுத்தது.

வாசலுக்கு வந்தபோது தெரிந்தது — போகிற குடைகளின் பின்பக்கம். வேதம் சொல்லிக்கொண்டு போகிற கோஷ்டியின் முதுகுகள். அதற்குப் பின்னால் போலீஸ்காரர்கள். அதற்கும் பின்னால் ஐஸ்கிரீம் வண்டி.

அண்ணி இடது கையை நெஞ்சில் வைத்தார். தெருமுனையைப் பார்த்தபடி இருந்தார். குடை திரும்பி மறைந்த பிறகும் பார்த்தபடி இருந்தார்.

பவித்ரா செருப்பில்லாமல் கூட்டத்துக்குள் ஓடி, யாரிடமோ கெஞ்சித் துளசி வாங்கி வந்தாள். அண்ணி வாயைத் திறந்தார். விழுங்கினார். பார்வையைத் திருப்பவில்லை.

பக்கத்து வீட்டம்மா ஆறுதலாகத்தான் சொன்னார். "வருத்தப்படாதீங்கண்ணா. அவங்க பாக்கலன்னா இன்னா, அவரு பாத்துருப்பாரு."

"அவரு பாத்தாரும்மா" என்றார் அண்ணன். "இவ பாக்கலையே."

அன்றிலிருந்து அண்ணி கையைக் குழித்துக் காட்டவில்லை. வைகாசி முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது வருவதுதான் என்றார். தடுப்பால் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்த மாஸ்டர் போலத்தான் நானும் ஆவேன். ஒரு மத்தியானம், கஞ்சி வாயில் இருக்கும்போதே, போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினோம். வேன் வந்தது. பெட்டியை இறக்கிய ஆள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். தினம் பார்க்கிற வேலை அவருக்கு, கண்ணாலேயே அளந்துவிட்டார்.

"இது இருந்தா பொட்டி உள்ள வராதுங்க. எடுத்துடுங்க."

லோகு தறிக்குழிக்குள் இறங்கி ஸ்பானரை எடுத்தான். குமார் கீழே பிடித்தான். நாலு போல்ட். கழற்றித் தெருச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். ஐஸ் பெட்டிக்காரர் பீடியைப் பற்ற வைத்தார்; அது பாதி எரிவதற்குள் வேலை முடிந்தது.

யாரும் மாஸ்டருக்கு போன் போடவில்லை. மண்டலம் முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பவித்ராவும் கேட்கவில்லை.

பெருமாளுக்கு நகராத தடுப்பு ஐஸ் பெட்டிக்கு நகர்ந்தது.

தெற்கே தலை வைத்து அண்ணியைப் படுக்க வைத்தோம். வடக்கே வாசல். காலையிலிருந்து ராத்திரி வரை கதவு திறந்தே இருந்தது. கீரைக்காரம்மா வந்தார். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, நேராக நடந்து வந்து பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தார்.

காரியத்துக்கு முந்தின நாள் நான் மறுபடி போயிருந்தேன். கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீன் போட்ட பலகை கொல்லையில் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்தது. அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தார், தறி ஓடவில்லை.

விளக்குக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் பவித்ரா. சம்மணம் போட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா. வயித்துல புள்ளய வெச்சிக்கினு தரையில இப்படி உக்காரலாமா?"

"இங்கருந்து பாத்தா எதிர்வீட்டு மாடிப்படி வரைக்கும் தெரியுது அத்தே" என்றாள். திரும்பாமலே சொன்னாள். "இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து அத்தைய இங்க உக்காந்து பாத்துக்கினேன். இந்தப் பக்கம் திரும்பிப் பாத்ததே இல்ல. ஒரு தபா, ஒரே ஒரு தபா அவங்க பக்கத்துல படுத்துப் பாத்திருந்தா..."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தடுப்பு இல்லன்னா பெருமாள் கால் தெரிஞ்சிருக்கும் இல்ல அத்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். கூட்டம் மறைத்திருக்கும், வெயில் கண் கூசியிருக்கும், ஏதாவது. எனக்கு வரவில்லை.

"தெரிஞ்சிருக்கும்மா."

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். பவித்ரா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள். "இது நல்லபடியாப் பொறந்தா, வர்ற வைகாசிக்கு இந்த எடத்துல ஒரு பாய் போட்டுப் படுக்க வெச்சிக் காட்டலாமா?"

"முகம் தெரியாதும்மா. வெறும் பாதம்தான்."

"அது போதும் அத்தே."

தெருக்காற்று உள்ளே வந்து, விளக்கைத் தொட்டு, எங்களைத் தாண்டிக் கொல்லைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதிர்ஷ்டமோ என்னவோ — போகட்டும் என்று விட்டுவிட்டோம்.